பார்சல் பக்கத்தைப் பார்த்தவர்கள்

“மவுத்தான வீட்டுக்குக் கலியாணப் பிரியாணி விளம்பரமா? உங்களுக்கு வெட்கமில்லையா?”

அஷ்பாக் என்பவர் போனை ஜவ்பர் நானாவின் மூக்குக்கு நேரே பிடித்தார். மூதூரில் இருந்து வந்திருந்தார். போன் ஜமாலியாவில் இருக்கும் அவருடைய மூத்த சகோதரி, ராத்தாவினுடையது. ராத்தாவின் கணவர் போன கிழமைதான் மவுத்தாகி அடக்கமானார்.

“நேற்றில இருந்து எதைத் திறந்தாலும் உங்கட மாப்பிள்ளை பொம்பிளைப் படம்தான். பார்த்துப் பார்த்து அழுறா.”

ஜவ்பர் நானா என்னைப் பார்த்தார். திருகோணமலை உள்துறைமுக வீதியில் இருக்கும் இந்தக் கேட்டரிங் அவருடையது. வெப்சைட்டும் விளம்பரமும் என் வேலை. ஓ.எல். பரீட்சை எனக்குச் சரிவரவில்லை, இது சரிவந்தது. வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் எதை விரும்பிப் பார்க்கிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ப விளம்பரம் விடுவேன். வாங்காமல் போகிறவர்களின் போனுக்குக் கலியாணப் பிரியாணி விளம்பரம் பின்னாலேயே போகும்.

“ராத்தா உங்கட வெப்சைட் பக்கமே போகல்ல,” என்றார் அஷ்பாக்.

“போயிருக்கிறா,” என்றேன். “பகல் சாப்பாட்டுப் பார்சல் விலையைப் பார்த்திட்டு, வாங்காமப் போறவங்களுக்கு மட்டும்தான் இந்த...”

“வாயை மூடுடா!” ஜவ்பர் நானா அகப்பையால் மேசையில் அடித்தார். “இவன் ஒரு விசரன், தம்பி. எதையோ பிழையா அமத்திட்டான். ஊருக்கெல்லாம் போகுது. எனக்கும்தான் வருது.”

பச்சைப் பொய். அவரிடம் இருப்பது பட்டன் போன்.

“படிக்காத பொடியனை வேலைக்கு வச்சா இப்பிடித்தான்,” என்று சொல்லிவிட்டு அஷ்பாக் போனார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“நான் ஒரு பிழையும் விடல்ல. ஏன் என்ர தலையில போட்டீங்க?”

ஜவ்பர் நானா சோற்றுச் சட்டியைத் திறந்தார்.

“மவுத்து வீட்டில மூண்டு நாளைக்கு அடுப்பு மூட்ட மாட்டாங்க. அயல்ல இருந்து சோறு வரும். அதுக்குப் பிறகு?”

“வராது.”

“புருஷன் மவுத்தாகி இத்தா இருக்கிற பொம்பிளைக்கு வெளிய போக ஏலுமா?”

“ஏலாது.”

“பார்சல் விலையைப் பார்த்தவ ஏன்டா வாங்கல்ல?”

“காசில்ல...”

“அதை அவட தம்பிக்காரனுக்கு முன்னால போட்டு உடைக்கப் பார்த்தியே, மடையா.”

பார்சல்களைக் கட்டி என் கையில் தந்தார்.

“அவட வீட்டில குடுத்திட்டு வா. ஓடர் ஒண்டு மிஞ்சிப்போச்சு எண்டு சொல்லு. வந்த உடனே அந்த விளம்பரத்தை நிப்பாட்டு.”

ஓடர் மிஞ்சிப்போச்சு என்றுதான் சொன்னேன். எனக்கும் பொய் வந்தது.

திரும்பி வந்து மாப்பிள்ளை பொம்பிளைப் படத்தைத் தூக்கினேன். பார்சல் விலையைப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களுக்கு இனி இதுதான் போகும்:

‘வீடு எங்கே என்று மட்டும் சொல்லுங்கள். வேறொன்றும் கேட்கமாட்டோம்.’

விளம்பரத்தை நிப்பாட்டச் சொன்னார் ஜவ்பர் நானா. நான் நிப்பாட்டவில்லை.