ஏய் கழுதை

"ஆமாண்ணே, காதுகூட அசையக்கூடாது"ன்னு வெள்ளைமூக்குக் கழுதை சொல்லுச்சு. "அசைஞ்சா யாரை முதல்ல அடிக்கிறதுன்னு முதலாளிக்குத் தெரிஞ்சிடும்."

காதறுந்த கழுதைக்கு இருக்கிறதே ஒண்ணரைக் காது. அந்த அரைக் காது சொன்ன பேச்சு கேக்காது.

செங்கல் சூளையில அதுங்க மூணு. சுமந்தது போக, மேயுற நேரத்துலயும் முன்னங்கால் ரெண்டையும் சேத்துக் கட்டிடுவாங்க. கயிறு உரசி மூணுக்கும் புண்ணு. இனிமே கட்டமாட்டேன்னு முதலாளி சொல்ற வரைக்கும் கூப்பிட்டா யாரும் எந்திரிக்கக் கூடாதுன்னு முடிவு. மூணாவது கழுதை அப்பவே படுத்துத் தூங்கிருச்சு. போராட்டத்துல அதுதான் ரொம்ப உறுதி.

"நேரா என்னைப் பாத்துக் கூப்பிட்டா?"

"எல்லாரையும் 'ஏய் கழுதை'ன்னுதானே கூப்பிடுறாரு. நம்மளை இல்லைன்னு நினைச்சுப் படுத்துக்கண்ணே."

முதலாளி கம்போட வந்தாரு. "ஏய் கழுதை."

யாரும் அசையல.

"ஏய் கழுதை!"

காதறுந்தது அரைக் காதைத் தரையோட அழுத்திக்கிச்சு. இப்ப விழும், இப்ப விழும்னு முதுகு காத்துக் கிடந்துச்சு. அடி விழல.

முதலாளி கொஞ்சம் யோசிச்சாரு. கம்பைக் கீழ போட்டாரு. காதறுந்ததைப் பாத்து, "ராசா, இங்க வாய்யா"ன்னாரு.

பொறந்ததுலருந்து அதை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல.

"அண்ணே, நம்மளை இல்ல"ன்னு வெள்ளைமூக்கு மெதுவாச் சொல்லுச்சு.

"இல்லம்மா, என்னைத்தான்"ன்னு காதறுந்தது எந்திரிச்சு, கட்டுன காலோட தத்தித் தத்திப் போச்சு.