ஒற்றைப் பனையின் நிழல்

கத்திரி வெயிலில் இலுப்பூர்ச் சாலை கானலாய் நெளிகிறது. காலையில் டியூபில் போட்ட ஒட்டு சூட்டில் பிரிந்தால், வீடுவரை எட்டு கிலோமீட்டரும் சைக்கிளை உருட்டித்தான் போக வேண்டும். ஆகவே ஒற்றைப் பனையின் ஒல்லி நிழலில் பின்சக்கரத்தை நிறுத்திவிட்டு, ராக்கன் தலையில் ஈரத் துண்டோடு வெயிலில் நிற்கிறார். மொபெட்டில் வருபவர் வேகத்தைக் குறைக்கிறார். "என்னங்க, சைக்கிளுக்கு நெழலு, ஒங்களுக்கு வெயிலா?" "ஒட்டுப் போட்டது அதுக்குத்தானங்க, எனக்கில்லயே." "பின்னால ஏறுங்க, வீட்டுல விட்டுர்றேன்." ராக்கன் சக்கரத்தைப் பார்க்கிறார். "இத விட்டுட்டா, வீட்டுக்கு எங்கூட வர வேற ஆளில்லீங்க." மொபெட்டின் சத்தம் தேய்ந்து மறைகிறது. காக்கையும் கரையாத அமைதியில், புட்டியில் மிஞ்சிய தண்ணீரைக் குடிக்காமல் டயரின்மேல் ஊற்றுகிறார். அது நொடியில் உலர்ந்துவிடுகிறது. "கொஞ்சம் பொறுத்துக்க" என்று சக்கரத்திடம் சொல்லிவிட்டு, ஏறி மிதிக்காமல், மெல்ல உருட்டத் தொடங்குகிறார்.