திங்கட்கிழமை அறிவித்தல்

கப்பல் முகவர் நிலையத்தின் கோப்புகளை இரண்டு கணினிச் சேர்வர்கள் ஒரு வண்டியின் இரட்டை மாடுகளைப் போல இழுத்துவந்தன. ஒன்றை அவிழ்த்தாலும் மற்றது வண்டியை நிறுத்தாது. அவற்றுக்குத் திங்கட்கிழமை புதிய இயங்குதளம் போடப்படும் என்று கணினிப் பொறுப்பாளர் றிஷானா அறிவித்தல் ஒட்டினார்.

“ஒரு முறைப்பாடு வந்தாலும் பழசைத் திருப்பிப் போட்டிட்டு, நீங்கள் வேற வேலை தேடலாம், பிள்ளை” என்றார் முகாமையாளர் ஞானசேகரம்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கே எழுதுவினைஞர் நஸ்ரி வந்து நின்றார்.

“மிஸ், கோப்பு ஆமை மாதிரி ஊருது. வேலை செய்ய ஏலாது!”

“எழுத்தெல்லாம் சின்னனாப் போச்சு” என்றார் அடுத்த மேசைப் பிரசாந்தினி.

முகாமையாளரே கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். “உடன பழசைப் போடுங்கோ!”

“ஓம் சேர்.”

றிஷானா சேர்வர் அறைக்குள் போய், ஒரு தேநீரை ஆறுதலாகக் குடித்துவிட்டு வந்தார்.

“இப்பதான் சரி!” என்றார் நஸ்ரி. “எழுத்தும் பெருத்திட்டுது!” என்றார் பிரசாந்தினி.

“பார்த்தீங்களா பிள்ளை? பழசு பழசுதான்” என்றார் முகாமையாளர். “உங்கட வேலைநீக்கக் கடிதத்தை எழுதட்டோ?”

“எழுதுங்கோ சேர். ஆனால், ரெண்டு சேர்வரையும் ஒவ்வொண்டாய்ப் புதுசுக்கு மாத்தி இண்டைக்குப் பன்னிரண்டு நாள். ஒருத்தரும் முறையிடேல்ல. இண்டைக்கு நான் ஒண்டையும் தொடேல்ல. அறிவித்தல் மட்டும்தான் ஒட்டினனான்.”

முகாமையாளர் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்தார்.

“அப்ப அந்த அறிவித்தலைக் கழட்டுங்கோ, பிள்ளை. அதுதான் வேகத்தைக் குறைக்குது.”