மழைக்கு முன்னே மூடிய வண்டி

"வானம் பளிச்சுன்னு இருக்கு மாப்ள. இப்பவேவா வண்டிய மூடிக் கட்டணும்?" என்று கேட்டார் அய்யாசாமி.

"மழை சொல்லிக்கிட்டா வரும், மாமா? ஒரு நாள் பிந்தினாலும் இஞ்சினுக்குள்ள ஈரம் போயிரும்" என்றான் தமிழ்மணி, பெரிய மெக்கானிக் போலக் குரலைக் கனமாக்கிக்கொண்டு.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக மாமனார் ஊரான கியாக்தானுக்கு வந்திருந்தான். வாசலில் அவனுக்காகக் காத்திருந்தது புத்தம் புது மோட்டார் சைக்கிள். மனைவி விஜயாவின் தாய்மாமன் தேவராஜ் செய்த சீர். ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் வண்டி இங்கேயே நிற்கும். மாப்பிள்ளை வரும்போதெல்லாம் ஓட்டிக்கொள்ளலாம்.

தெரிந்தால்தானே ஓட்டுவது!

தமிழ்மணி ரங்கூனின் நடுவே, பபேடானில் பிறந்து பஸ்ஸில் தொங்கியே வளர்ந்தவன். பெண் பார்க்க வந்த அன்று விஜயா டீத் தட்டோடு வந்து நின்றதும், நாக்கு அவன் பேச்சைக் கேட்காமல் தானாக ஓடியது. "பைக்குன்னா எனக்கு உசிருங்க. ரங்கூன்ல ஓட்ட விடாததுதான் ஒரே குறை" என்று அளந்துவிட்டான். அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்கக்கூட இல்லை. அதைக் கேட்டு மகிழ்ந்துபோன தேவராஜ் மாமாதான் வண்டி வாங்கிவிட்டார்.

அதோடு விட்டாரா? "சாயங்காலம் வர்றேன். நீயும் விஜயாவும் படித்துறை வரைக்கும் ஜோடியா ஒரு சுத்து சுத்தி வரணும். நான் கண்ணாரப் பாக்கணும்" என்று காலையிலேயே போன் செய்துவிட்டார்.

யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தமிழ்மணி வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தான். வண்டி மெதுவாகச் செம்பருத்திச் செடியின் மேல் சாய்ந்தது. அவனும் கூடவே சாய்ந்தான். சட்டையில் ஒட்டிய இலைகளைத் தட்டியபோதுதான் அந்த யோசனை வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஓட்டத் தெரியாதவன் மழையைச் சொல்லக் கூடாதா?

போனில் தேடியதும் ஒரு வீடியோ கிடைத்தது. ஏதோ ஒரு குளிர் தேசத்துக்காரர், கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, பனி விழும் முன் வண்டியை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று காட்டினார். கியாக்தானில் பனிக்கு எங்கே போவது? பனி என்று அவர் சொன்ன இடத்திலெல்லாம் மழை என்று வைத்துக்கொண்டான் தமிழ்மணி.

டாங்கில் பெட்ரோலை முட்ட நிரப்பினான். கார்பரேட்டரில் தங்கியதை வடித்தான். பிளக்கைக் கழற்றி, ஒரு கரண்டி ஆயிலை உள்ளே விட்டான். பேட்டரியைத் தனியே எடுத்து, பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"குடுங்க மாப்ள, நான் உள்ள கொண்டுபோய் வைக்கிறேன். மேல் பரண்ல வைக்கட்டுமா? அங்க யாரும் சட்டுன்னு எடுக்க முடியாது" என்றார் அய்யாசாமி.

"அங்கேயே வைங்க, மாமா!"

சந்தேகப்படுவார் என்று அவன் பயந்திருந்த மாமனார், கேட்காமலேயே சக்கரங்களுக்கு அடியில் கொடுக்கக் கட்டை கொண்டுவந்தார். சைலன்ஸர் வாயை அடைக்கப் பிளாஸ்டிக் பை கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பர்மாக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, புது வண்டி அதற்குள் பழுதா என்று பர்மிய மொழியில் கேட்டார். 'பழுது வண்டியில் இல்லை ஐயா, வண்டிக்குச் சொந்தக்காரனிடம்' என்று தமிழ்மணி மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டான்.

பழைய லோஞ்சிக் கைலி ஒன்றைப் போர்த்தி, அதன்மேல் தார்ப்பாயைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி முடிக்கவும் தேவராஜ் மாமா வந்து சேரவும் சரியாக இருந்தது.

"அடப்பாவமே, கட்டிப் போட்டுட்டியா! ஒரு சுத்துக்குப் பிரிக்கலாமே?"

தமிழ்மணி கயிற்று முடிச்சை இன்னும் ஒரு இழுப்பு இறுக்கினான். வாயைத் திறப்பதற்குள் அய்யாசாமி குறுக்கே வந்தார். "பிரிக்கவே கூடாது மச்சான். இஞ்சினுக்குள்ள ஆயில் விட்டிருக்கு. மாப்ளைக்குத் தெரியாததா? மழையெல்லாம் முடியட்டும். வாங்க, உள்ள வந்து டீ குடிங்க" என்று மைத்துனரின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

தப்பித்த சந்தோஷத்தில் தமிழ்மணி அங்கேயே மிஞ்சிக் கிடந்த கட்டைமேல் உட்கார்ந்தான். இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார்? அவரைப் போய் ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. கையில் டீயோடு வந்த விஜயாவிடம், உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தான்.

அவள் முந்திக்கொண்டாள். "என்னங்க, அப்பா இன்னிக்குத்தான் வாய்விட்டுச் சிரிக்கிறாரு. மாமா செஞ்ச சீர வேணாம்னு சொல்லவும் முடியல, நீங்க வந்ததுலேர்ந்து அவருக்குத் தூக்கமும் இல்ல."

"ஏன்?"

"ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுப் போடுற வேலையில இருந்தவரு இல்லையா? பைக்குலேருந்து விழுந்த காலாப் பாத்துப் பாத்து அவருக்கு அந்தச் சத்தமே ஆகாது. உள்ளூர்ல வந்த வரனையெல்லாம் தள்ளிட்டு, பைக் ஓட்டவே தெரியாத மாப்பிள்ளைதான் வேணும்னு ரங்கூன் வரைக்கும் வந்து தேடினாரு" என்று சிரித்தாள் விஜயா. "நீங்க அன்னைக்குப் பைக்குன்னா உசிருன்னதும், இந்த இடம் வேணவே வேணாம்னுட்டாரு, நான்தான் சோறு தண்ணி இல்லாமக் கெடந்து உங்களக் கட்டிக்கிட்டேன்."