வெள்ளைப் பட்டை மேலே

நெவில் அவசரத்தில் கையில் எடுத்தது வெண்ணெய் தடவும் கத்தி. அதைக்கூட அந்த வீட்டு அம்மாள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ரொட்டி அறுக்கிற கத்தி டிராயர்ல இருக்கு தம்பி. வேணும்னா எடுத்துக்கோ."

"வாயை மூடிட்டு உக்காருங்க மேடம்!" என்று உறுமினான். மானம் போனது. ஆனாலும் கத்தியை மாற்றிக்கொண்டான்.

திருமதி ட்ரப்ஷா தனியாக வசிக்கும் விதவை. அவளுடைய வெள்ளி டீ பாத்திரங்கள் மொத்தமும் இப்போது நெவிலின் பைக்குள் இருந்தன. வெளியே போவதுதான் பிரச்சினை. அரசர் பிறந்தநாள் என்று தெருவே வாசலுக்கு வந்து நின்றது. பேண்டு வாத்தியம் வந்து, கூட்டம் அதன் பின்னால் கடற்கரைக்குக் கிளம்பியதும் நழுவிவிடலாம் என்று காத்திருந்தான். ஏற்கெனவே இரண்டு முறை ஜெயிலுக்குப் போய் வந்தவன். இன்னொரு தடவை மாட்டினால் ஐந்து வருஷம் என்று நீதிபதி முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

"தம்பி, நான் கொடி கட்டணுமே," என்றாள் அவள். "தெருவுல எல்லார் வீட்லயும் பறக்குது. எதிர் வீட்டுக்காரி மாட் இருக்காளே, அவ ஜன்னலை விட்டு நகர மாட்டா. என் வீட்ல மட்டும் இல்லேன்னா, உடம்புக்கு முடியலையான்னு கேட்டுக்கிட்டு கேக்கோட வந்து நிப்பா."

நெவிலுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மாடிக்குக் கூட்டிப் போனான். அவள் கம்பத்தில் பிரிட்டனின் யூனியன் ஜாக் கொடியைக் கட்டி ஜன்னல் வழியே வெளியே நீட்டினாள். திரைக்குப் பின்னால் நின்று பார்த்தவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"யார்கிட்ட மேடம் உங்க வேலையைக் காட்டுறீங்க? நான் கடற்படையில ஆறு வருஷம் குப்பை கொட்டினவன். கொடி தலைகீழா இருக்கு!"

ஸ்பூன் திருடியதற்காகக் கடற்படையிலிருந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்டதை மட்டும் அவன் சொல்லவில்லை.

"தலைகீழாவா? இதுல தலை ஏது, கால் ஏது? எப்படிப் பாத்தாலும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"நடிக்காதீங்க! கம்பத்தை ஒட்டி அகலமான வெள்ளைப் பட்டை மேல வரணும். ஸ்காட்லாந்து முந்தி இங்கிலாந்தோட வந்து சேர்ந்துச்சு, அதனால அவங்க வெள்ளை மேல. பிந்தி வந்த அயர்லாந்தோட சிவப்பு கீழ. மாத்திக் கட்டினா 'ஆபத்து, காப்பாத்துங்க'ன்னு அர்த்தம். ஊரைக் கூட்டப் பாக்குறீங்களா?"

"அட, அப்படியா!" என்று அவள் வாயைப் பிளந்தாள்.

என்ன நடிப்புடா சாமி என்று நெவில் வியந்துபோனான். கம்பத்தை உள்ளே இழுத்து, கொடியை அவிழ்த்து, தன் கையாலேயே ஒழுங்காகக் கட்டி வெளியே நீட்டினான். காற்றில் அது படபடத்தபோது மனசு குளிர்ந்தது. திருடனாக இருந்தால் என்ன, கொடிக்கு ஒரு மரியாதை இல்லையா? திரை மறைவில் நின்று ஒரு சல்யூட்கூட அடித்தான்.

கீழே வந்ததும் அவள் டீ போட்டுக் கொடுத்தாள். தூரத்தில் முரசு கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று அவன் இரண்டாவது துண்டு கேக்கை வாயில் வைத்தபோது வாசல் மணி அடித்தது.

"யாரா இருந்தாலும் சிரிச்சுப் பேசி அனுப்பிடுங்க," என்று பல்லைக் கடித்தான்.

அவள் கதவைத் திறந்தாள். இரண்டு போலீஸ்காரர்கள் நேராக உள்ளே நுழைந்து, ரொட்டிக் கத்தியைப் பிடுங்கி, அவனைச் சுவரோடு சேர்த்து அமுக்கினார்கள்.

"எப்படி சார்?" நெவிலுக்கு அழுகையே வந்துவிட்டது. "கொடி சரியாத்தானே இருந்துச்சு!"

"சரியாத்தான் இருந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் எதிர் வீட்டு மாட் பதறிப்போய் போன் பண்ணாங்க," என்றபடி விலங்கை மாட்டினார் கான்ஸ்டபிள் டிம்மின்ஸ்.

"இருபது வருஷமா இந்தத் தெருவே தொண்டை கிழியக் கத்தியும், இந்த அம்மா அதை ஒரு தடவைகூட நேராக் கட்டினதில்லையே!"