347218

1993-இல் பிளஸ் டூ முடிவுகள் வந்த செய்தித்தாளில், மகள் வரலட்சுமியின் பதிவெண் 347218 மட்டும் இல்லை. ராஜேந்திரன் தாளை மடித்துப் பெட்டியில் வைத்தார். குடும்ப மானம் போயிற்று என்று, அதன்பின் அந்தச் சதுரங்கப்பட்டினத்து வீட்டில் பரீட்சைப் பேச்சையே எடுக்க விடவில்லை.

மகன் தயாளன் நாளிதழ்களுக்கு இணையப் பக்கங்கள் செய்பவன். ராசிபலன், வானிலை எல்லாம் முடித்து, 2002 ஏப்ரலில் தேர்வு முடிவுப் பக்கத்துக்கு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு பிரவுசிங் சென்டரில் அப்பாவுக்கு அதைக் காட்டினான்.

"இன்னும் ஒரு நம்பர்கூட ஏத்தல நைனா. எதப் போட்டாலும் இல்லைன்னுதான் வரும். சும்மா ஒண்ணு சொல்லு."

அவருக்குத் தெரிந்தது ஒரே எண்தான். சொன்னார்.

வரலட்சுமி, தேர்ச்சி, மே 2003 என்று திரையில் வந்தது.

தயாளன் மூன்று முறை சோதித்தான். "உள்ள ஒண்ணுமே இல்ல நைனா. பேஜாரா கீது."

"வெளியில சொல்லாத," என்றார் ராஜேந்திரன்.

அன்றே அடுத்த தெருவில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார். தரையைப் பார்த்தபடி, "திரும்ப எழுதறியாம்மா?" என்றார்.

"இன்னா நைனா, என் புள்ளயே ஸ்கூலுக்குப் போவுது. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் இருக்கேன்."

2003 பிப்ரவரியில் வரலட்சுமி ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்தார். 347218.

பெட்டியிலிருந்த பழைய தாளை எடுத்து அடுப்பில் போட்டார். சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, தெருவில் போனவர்களிடமெல்லாம் சொன்னார்: "எம் பொண்ணு பரீட்சை எழுதப் போவுது."