இறகு தொடும் நொடி

ஆன்ட்வெர்ப்பில் யோரிஸின் பட்டறை ஜன்னல் வழியே காலை வெயில் நுழைந்து, மூடி திறந்த, பியானோவுக்கு முந்தைய தந்திவாத்தியமான ஹார்ப்சிகார்டின் பலகையில் யாரோ என்றோ தீட்டிய துலிப் பூக்களின் மேல் விழுகிறது. ஒரு கன்னிமாடத்தில் இருநூறு வருஷமாக ஆப்பிள் பரப்பி வைத்திருந்த பெட்டி இது. அந்த வாசனை இன்னும் போகவில்லை. இன்றுதான் புதுத் தந்திகள் ஏறியிருக்கின்றன. அந்த இழுவையைப் பழைய பலகை தாங்குமா, விரிசல் விடுமா என்பது செப்பனிட்ட யோரிஸுக்கே தெரியாது. முப்பது வருஷமாகப் பியானோ வாசிக்கும் மாக்டெல்ட், பழக்கதோஷத்தில் ஒரு கட்டையை ஓங்கிக் குத்துகிறாள். மரத்தின் 'டக்' சத்தம் தந்தியின் ஒலியை விழுங்கிவிடுகிறது.

"என்னங்க, ரொட்டிக்கு மாவா பிசையறீங்க? இதுக்குள்ள சுத்தியல் கிடையாது, தந்தியை மீட்டுற காக்கா இறகுதான் இருக்கு. எவ்வளவு குத்தினாலும் சத்தம் ஏறாது" என்கிறான் யோரிஸ்.

அவள் வெட்கத்தோடு சிரித்து, விரலை மெதுவாக இறக்குகிறாள். பாதி வழியில் ஏதோ மென்மையாகத் தடுக்கிறது. இறகின் நுனி தந்தியைத் தொட்டு நிற்பது விரலுக்குத் தெரிகிறது. இன்னும் ஒரு மயிரிழை இறக்குகிறாள். நாதம் எழுகிறது. பலகையிலிருந்து, தரையிலிருந்து, தன் முழங்கை எலும்பிலிருந்தே எழுவதுபோல் இருக்கிறது அவளுக்கு. பலகை விரிசல் விடவில்லை. பூக்களின் மேல் தூசு மட்டும் நடுங்குகிறது. விரலைத் தூக்கினால் கம்பளித் துண்டு தந்தியில் படிந்து ஒலியை அடக்கிவிடும். அவள் தூக்கப் போகிறாள்.

"எடுக்காதீங்க." யோரிஸின் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "அதுவா சொல்லி முடிக்கட்டும்."